பாரோயில் இருந்த போலந்து

"சென்னைக்குத்தானே போறேன், அதுக்கு எதுக்குங்க விசா?"

மலேசியாவில் விமான நிலையக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி இது. இன்றைக்கும் பல் துலக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ திடீரென்று ஞாபகத்துக்கு வரும், முகம் சுடும். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளும் தமிழ்ப் பெண்தான். ஐயோ பாவம் என்று பார்த்தாள்.

போலந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து நான் கிளம்பிய நாள் அது. போலந்து விசாவுக்காக மாதக்கணக்கில் அலைந்திருந்தேன். புகைப்படத்தில் காது தெரிகிறதா என்பதுவரை சரிபார்த்தவன். டிக்கெட் விஷயத்தில் எங்கள் வீட்டு வசதிக்கு நேரடி விமானத்தை ஏறெடுத்தும் பார்க்க முடியாது. கண் பூத்துப்போகும்வரை தேடி, சென்னை வரைக்கும் ஒரு மலிவு டிக்கெட், அங்கே இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறொரு விமானத்தில் ஏற இன்னொரு மலிவு டிக்கெட் என்று வாங்கினேன். நடுவில் ஒரு பகல் முழுக்கச் சும்மா கிடந்தது. அம்மாவுக்கு அதில்தான் பரம சந்தோஷம். "அப்படியே வெளிய போயி ஒரு கோயிலாச்சும் பாத்துட்டு ஏறு லா" என்றாள்.

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் தமிழ்நாட்டுக்குப் பெயர் 'ஊர்'. அங்கே போய்வந்தவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஊர்ப் புளி, ஊர்ச் சேலை, ஊர்ப் பழக்கம் என்று பேச்சில் நாளுக்குப் பத்துத் தடவை அது வந்து போகும். அதற்குள் நுழைய ஒரு அனுமதி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிக்கெட்டை அப்பா பார்த்தார், லயத்தில் எல்லாரும் வாங்கிப் பார்த்தார்கள். யாருக்கும் தோன்றவில்லை. துருக்கி வழியாகப் போவதாக இருந்தால் நூறு தடவை விசாரித்திருப்பேன்.

சுங்கை காடுட்டைத் தாண்டி, செம்பனைக்கு நடுவில் மிச்சமிருக்கும் லயம் எங்களுடையது. தோட்ட வேலையை இப்போது வெளிநாட்டு ஆட்கள் செய்கிறார்கள். எங்கள் ஆட்கள் விடியற்காலையில் பஸ் ஏறி செண்டாயான் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறார்கள். லயத்திலிருந்து படிக்க வெளிநாடு போகும் முதல் ஆள் நான். சும்மா விடுவார்களா? மாரியம்மன் கோயிலில் பூசை வைத்து, மாலை போட்டு, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேனைப் பிடித்து, அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, லயமே வழியனுப்பக் கிளம்பியது. விமான நிலையத்தில் ஒரு தூண் ஓரமாகப் பாயை விரித்து, நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். எங்கள் வழக்கப்படி அநியாயத்துக்குச் சீக்கிரம் வந்திருந்ததால் கவுண்டரே திறந்திருக்கவில்லை. மத்தியான ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வேன் திரும்ப வேண்டும். அதனால் அழ வேண்டியவர்கள் எல்லாரும் முன்கூட்டியே அழுதுவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் கவுண்டர் திறந்தது. நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நாங்கள் சாப்பிட்ட அதே தூணுக்குப் பின்னால் நின்றேன். கழுத்தில் மாலை இருந்த இடத்தில் இரண்டு சாமந்தி இதழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. தோட்டத்துக்குப் பக்கத்தில், பாரோயில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அரை நாள் விடுப்பு எடுத்துக் காரோடு வந்தாள். வழிநெடுக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டேய், சென்னை இந்தியாலதாண்டா இருக்கு?"

அம்மாவிடம் சொன்னதும் அவளே. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"இங்க வராத" என்றாள் அம்மா. "மால போட்டு அனுப்புன புள்ள, எலுமிச்சம்பழத்து மேல ஏத்துன வண்டி. போனவன் பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்தான்னா நான் எப்படிறா கோயிலுக்குப் போவேன்? அக்கா வீட்டுலயே இரு. நீ போயிட்டேன்னே நான் சொல்லிக்கிறேன்."

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அக்கா முன்பு பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டபோது, அம்மா பல மாதம் கோயில் பக்கமே போகவில்லை. யாரும் ஏசவில்லை, பரிதாபப்பட்டார்கள், அவ்வளவுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை என்னால் அவள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக்கூடாது. எனக்கு அந்த ஒரு கவலைதான் இருந்தது.

ஆக, நான் பாரோயில் போலந்து வாழ்க்கையை ஆரம்பித்தேன். இந்தியா விசாவுக்கு விண்ணப்பித்தேன். அக்கா வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசிப் பழகிய ஆங்கிலத்தை வைத்து மன்றாடி டிக்கெட்டுகளின் தேதியை மாற்றினாள். அதுவரை பகலெல்லாம் சன்னல் திரையை இழுத்துவிட்டு, சட்டையில்லாமல், காற்றாடிக்குக் கீழே கிடந்தேன். லயத்து ஆட்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. அதில் எனக்குத் தினமும் விசாரணை வரும். "போய் சேந்துட்டியா தம்பி?" "அங்க சோறு கெடைக்குதா?" "பனி பெய்யுதா?" சேர்ந்துவிட்டேன் என்று எழுதினேன். சோறு கிடைக்கிறது என்று அக்கா வடித்த சோற்றைத் தின்றுகொண்டே எழுதினேன். அவர்கள் அத்தனை அக்கறையாகக் கேட்காமல் இருந்திருந்தால் பொய் சொல்வது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று அவர்கள்மேலேயே எரிச்சல்கூட வந்தது. அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

எனக்கு இருந்த ஒரே பயம் ரொட்டி பாய். மோட்டார் சைக்கிளில் ரொட்டியும் பன்னும் முறுக்கும் கட்டித் தொங்கவிட்டு விற்பவர். என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். பாரோய் அடுக்குமாடிகளைச் சுற்றி முடித்துவிட்டு, அப்படியே எங்கள் தோட்டத்துக்குப் போவார். அவர் ஹார்னின் ரப்பர் எப்போதோ கிழிந்துவிட்டது. ஜலதோஷம் பிடித்த வாத்துபோல அது கத்தி இழுக்கும். மலேசியா முழுக்கத் தேடினாலும் அந்தச் சத்தத்துக்கு ஜோடி கிடையாது. அது கேட்டால் சன்னலுக்குக் கீழே குந்திக்கொள்வேன்.

ஒருநாள் சாயங்காலம் மண்டோர் மாமா குழுவில் கேட்டார். தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் கோயில் தலைவர். "எழுதறது கண்ணு தெரியல தம்பி. பேசி அனுப்பு. குளிரு எப்படி?" நானும் குரல் பதிவு பண்ணினேன். நடிப்பு தத்ரூபமாக இருக்கட்டும் என்று பற்களை வேறு கிடுகிடுக்க வைத்தேன். "ரொம்பக் குளிரு மாமா, வெளிய கால் வைக்க முடியல" என்று முடிக்கும் நேரம் கீழேயிருந்து வாத்து கத்தியது. ஒன்றல்ல, இரண்டு தடவை. அதற்குள் விரல் அந்தப் பதிவை அனுப்பிவிட்டிருந்தது.

அழித்தால் இன்னும் சந்தேகம் வரும். அழிக்காமல் வேர்த்துக்கொண்டே இருந்தேன். மாமாவின் பதில் வந்தது. "சரி தம்பி, காதுல துணி கட்டிக்க. அங்கயும் ரொட்டி மோட்டார் வருதா? நல்லதாப் போச்சு, பசி தெரியாது."

அம்மா உடனே கூப்பிட்டுத் திட்டினாள். பிறகு அவளே, "நல்லவேள, யாருக்கும் புரியல. அந்த ஊருலயும் ரொட்டிக்காரன் வர்றான்னு நான் சொல்லிட்டேன், நம்பிட்டாங்க" என்றாள். நானும் நம்பினேன். வெள்ளந்தி மனிதர்கள் என்று மனதுக்குள் கொஞ்சம் இளக்காரமாகக்கூட நினைத்தேன்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போயிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

"போலந்துக்காரரே" என்றது ரொட்டி பாயின் குரல். "உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். மோட்டார கீழ விட்டுட்டு வந்துருக்கேன், பன்ன எவனாச்சும் எடுத்துருவான். சீக்கிரம் தொறங்க லா."

திறந்தேன். சட்டைகூடப் போடவில்லை. பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பையை நீட்டினார். "தோட்டத்துல குடுத்தாங்க."

"யாரு பாய்?"

"எல்லாருந்தான். நேத்து மண்டோரு என்னைய நிறுத்தி, சாயங்காலம் எங்க ஹார்ன் அடிச்சேன்னு கேட்டாரு. ஒங்க அக்கா பிளாட்டுக்குக் கீழன்னு சொன்னேன். அப்பறம் அவருக்குப் புரியாதா?"

"அம்மாவுக்கு…"

"அம்மாகிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு மண்டோரு கண்டிஷனா சொல்லிட்டாரு. எல்லாருக்கும் தெரியும்னு தெரிஞ்சா அவங்க மறுபடி வெளிய வரமாட்டாங்களாம். அதனால நீங்க போலந்துலதான் இருக்கீங்க. நானும் ஒங்களப் பாக்கல." படியில் இறங்கப் போனவர் திரும்பி, "குளிருக்கு சட்ட போடுங்க தம்பி" என்றார்.

பையில் பக்கத்து வீட்டு அத்தை வறுத்த நெத்திலி சம்பால் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கம்பளிக் காலுறை இருந்தது, சிறு பிள்ளைகள் போடுகிற கரடிப் படம் போட்டது. கோயில் திருநீறு ஒரு பொட்டலம். விமான நிலையத்தில் எனக்கு வந்தது ஒரு வெட்கமே இல்லை, இதுதான் வெட்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் அவர்களுக்காக நடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவர்கள் எங்களுக்காக நடித்துக்கொண்டிருந்தார்கள், என்னைவிட நன்றாக. சம்பாலைத் தொட என்னால் முடியவில்லை. ராத்திரி அக்கா வந்துதான் சோற்றில் பிசைந்து வைத்தாள்.

விசா வந்ததும், இரண்டாம் தடவை அக்கா மட்டும் வந்து விமான நிலையத்தில் விட்டுப்போனாள். கவுண்டரில் வேறு பெண் இருந்தாள். சென்னையில் வெளியே போய்க் கோயில் பார்க்க மனமில்லை. பெட்டியின் மேலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். போலந்தில் போய் இறங்கி நிஜமான குளிரில் நடுங்கியபோது, குழுவில் அதை எழுத எனக்கு வார்த்தை மிச்சமில்லை. எல்லாவற்றையும் பாரோயிலேயே சொல்லித் தீர்த்திருந்தேன். அந்தக் கரடிக் காலுறையை நான் போட்டுத் தேய்த்ததற்கு அளவில்லை. மலிவு பஸ்களிலும் பொது விடுதிகளிலும் அதோடுதான் ஊர் ஊராகச் சுற்றினேன்.

மறு வருடம் கோயில் திருவிழாவுக்கு வந்தேன். கூழ் ஊற்றும் நாள். கொட்டகையில் எல்லாரும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்க, அம்மா வழக்கமான கதையை எடுத்தாள்.

"போயி எறங்குன அன்னிக்கே ஒதடு வெடிச்சிருச்சு இவனுக்கு. அப்படிக் குளிராம்."

"ஆமாக்கா, பேசறப்பவே பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சே, நாந்தான் கேட்டேனே" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அந்த நேரம் பார்த்து, செம்பனைக்கு அந்தப் பக்கம் வாத்து கத்தியது. கொட்டகையில் பேச்சு சட்டென்று நின்றது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அம்மா மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, அவசரமாக, "அங்கயும் இதே மாதிரி ஒரு ரொட்டிக்காரன் வருவான்னு சொன்னான்ல" என்றாள்.

"ஆமா, ஆமா" என்றார்கள் எல்லாரும்.

அம்மா பெருமூச்சு விட்டு, நிம்மதியாகக் கூழைக் குடித்தாள். மண்டோர் மாமா என்னைக் கேட்டார்: "என்னதான் சொல்லு தம்பி, அங்க உள்ள ரொட்டி நம்ம பாய் ரொட்டி மாதிரி வருமா?"

"வராது மாமா" என்றேன், கூழ்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.