கொரட்டூர் ஹில்டாவும் இரண்டு இன்ஜின் விமானமும்

கொரட்டூரில் ஹில்டா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. பிளேன் ஓட்டுகிற அம்மா வீடு என்றால் ரேஷன் கடைக்காரர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவரின் மகள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, உதவித்தொகையில் பறக்கப் படித்தவள். மீனம்பாக்கத்தில் ஒரு கிளப்பில் ஒற்றை இன்ஜின் விமானம் ஓட்டக் கற்றுத்தந்துகொண்டிருந்தாள். பெண்பிள்ளை மொபெட் ஓட்டினாலே தெரு திரும்பிப் பார்த்த காலம் அது.

1991இல் அந்த வாய்ப்பு வந்தது. கிளப்பில் இரண்டு இன்ஜின் விமானம் ஒன்றே ஒன்று. அதில் பாடம் நடத்திய கேப்டன் லோகநாதன் ஓய்வு பெறப்போகிறார். அவர் இடத்துக்கு வருகிறவருக்குத் தனியாக ஆசிரியர் தகுதி வேண்டும். சாதாரணமாக இரண்டு மாதப் பயிற்சி. ஆனால் விமானம் அடுத்த வாரமே பெரிய பழுதுபார்ப்புக்குப் போகிறது, திரும்ப ஒரு வருடம் ஆகும். எனவே ஏழு நாளில் பயிற்சி, எட்டாம் நாள் தேர்வு. தவறினால் வெளியூர் ஆள் ஒருவர் தயாராக இருந்தார். ஹில்டா சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பித்தாள்.

இரண்டு இன்ஜின் இருந்தால் பத்திரம்தானே என்று நாம் நினைப்போம். சங்கடமே அதில்தான். ஒன்று நின்றுவிட்டால் மூக்கு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். காலடியில் உள்ள இரண்டு மிதிகளில் எதிர்ப்பக்கத்து மிதியைக் காலால் அழுத்தி நேராக்க வேண்டும். அதற்குள் வேகம் குறைந்து, மீட்டரில் உள்ள சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் எந்தக் காலுக்கும் கட்டுப்படாமல் புரண்டுவிடும். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு இன்ஜினை அடக்கி, மாணவன் தப்பு செய்து திருந்தும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்திருப்பதுதான் ஹில்டாவுக்கு வரவில்லை. அவள் கை அவ்வளவு சுறுசுறுப்பு. லோகநாதன் மக்கு மாணவனாக நடித்துத் தப்பான காலை நகர்த்துவதற்குள் விமானத்தைத் தன் கைக்கு வாங்கி நேராக்கிவிடுவாள். நான்காம் நாள் இறங்கியதும் அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"உங்க கூட வந்தா மாணவன் சாக மாட்டாம்மா. ஆனா ஒண்ணும் கத்துக்கவும் மாட்டான்."

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் வண்டி மாறி, கொரட்டூர் வரும்வரை அந்த வார்த்தை அவளை அரித்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் ஒரு மாணவன் இருந்தான். கணவன் ஜேசுராஜ், ஆவடி டிப்போவில் பஸ் டிரைவர். அம்மிக்குழவிமேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் இரண்டு நுனியிலும் கால் வைத்து நாற்காலியில் அவன் உட்கார வேண்டும். நாற்காலியை அவள் இடப்பக்கம் இழுத்தால் இடது இன்ஜின் போயிற்று, அவன் வலது காலை அழுத்த வேண்டும். பாவம், பதினைந்து வருடம் கிளட்ச் மிதித்த கால். ஆபத்து என்றாலே இடது கால்தான் இறங்கியது. இறங்கிய ஒவ்வொரு தடவையும் ஸ்கேலால் முட்டியில் ஒன்று வைத்தாள். ஏழெட்டு அடி வாங்கியபின் அவன் பலகையை விட்டுக் காலை எடுத்தான்.

"நீ அட்ச்சா எந்தக் காலுன்னே மறந்துபூடுது ஹில்டா. கொஞ்ச நேரம் கம்முனு கீறியா? நானே கண்டுபுடிக்கிறேன்."

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலியை முட்டியால் இடப்பக்கம் நெட்டினாள். இடது கால் இறங்கியது. அவன் முகம் சுளித்தான். பலகை ஆடியது. பிறகு மெதுவாக வலது கால் இறங்கியது. அதற்குப்பின் அவன் தவறவே இல்லை. இந்த நாலு விநாடியைத்தான் ஆறு வருடமாக மாணவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம் என்று ஹில்டாவுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் நாற்காலி தரையில் நிற்கிறது, விமானம் நிற்காது. எவ்வளவு பொறுப்பது? மீதி மூன்று நாளும் லோகநாதனோடு பறந்து பறந்து அந்த எல்லையைத் தேடினாள். சிவப்புக் கோடு எழுபதில் இருந்தது. எண்பது வரை பொறுப்பேன், எண்பதில் வாங்கிக்கொள்வேன் என்று முடிவு செய்தாள். தேர்வன்று புறப்படுமுன் தேர்வாளரிடமும் அதைச் சொல்லிவிட்டாள்.

மேலே போனதும் ஹில்டா இடது இன்ஜினை அடக்கினாள். மாணவனாக நடித்த தேர்வாளர் தப்பான காலை அழுத்தினார். வேகம் தொண்ணூற்றைந்து, தொண்ணூறு. ஹில்டா கையை மடியில் வைத்தபடி, எந்தக் கால் வேலை செய்ய வேண்டும் என்று பாருங்கள் என்றாள். மனிதர் கேளாதவர்போல இருந்தார். எண்பத்தைந்து, எண்பத்திரண்டு. கை பரபரத்தது. முள் எண்பதைத் தொட்டதும் விமானத்தை வாங்கினாள், மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினாள், அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இறங்கியபின் அவர், எழுபத்தைந்துவரை பொறுத்திருக்கலாமே என்று கேட்டார்.

"பொறுத்திருக்கலாம் சார். ஆனா எண்பதுங்கிற கோட்டைத் தரையில போட்டேன். மேல போய் நகர்த்தினா அப்புறம் அது எங்க நிக்கும்?"

அவர் தேர்ச்சிக் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் விமானம் திரும்பி வந்தது. அதில் ஹில்டாவின் முதல் மாணவி திருமுல்லைவாயில் தாட்சாயிணி. மேலே ஹில்டா ஒரு இன்ஜினை அடக்கியதும் அந்தப் பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. முதலில் தப்பான கால். முள் எண்பத்தொன்றுவரை வந்தபின்தான் சரியான கால். இறங்கியதும் கேட்டில் ஸ்கூட்டரோடு காத்திருந்த அப்பாவிடம் ஓடினாள். பின்னால் ஆசிரியை வருவதை அவள் கவனிக்கவில்லை.

"அந்த மேடம் ஒண்ணுமே செய்யலப்பா. சும்மா ஒக்காந்துகினு இருந்தாங்க. இன்ஜின் நின்னுபோச்சு, நானேதான் சமாளிச்சேன்."

அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. ஹில்டாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். உங்கள் மகள் சொல்வது உண்மைதான், அவளேதான் ஓட்டினாள் என்று சொல்லிவிட்டு ஹில்டா ரயிலுக்கு நடந்தாள்.