வால்டர் கார்டு

கல்யாணத்துக்கு முன்னால் டோரதி ராயபுரத்தில் ஒரு சவப்பெட்டிக் கடையில் வேலை பார்த்தாள். மலர் வளையத்துக்குக் காகிதப் பூ செய்வது அவள் வேலை. காகிதம் எந்தப் பக்கம் மடியும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். முதலாளி வெளியே போன நேரம் பார்த்து மிச்சக் காகிதத்தில் வாயைத் திறந்து மூடும் மீன், குடை விரிக்கும் சாமியார் என்று எதையாவது செய்து பெட்டிமேல் நிறுத்தி வைப்பாள். சாவு வீட்டிலிருந்து பெட்டி வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துச் சட்டென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படுவார்களாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். அதே ராயபுரத்தில், பனைமரத்தொட்டியில் ஒரே காம்பவுண்டு எங்களுக்கு. அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அவள் புருஷன் வால்டர் ஹார்பரில் வின்ச் ஓட்டினான். கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் வேலை. நல்ல உயரம், கோயில் பாட்டுக் குழுவில் நல்ல குரல். அறுபத்து நாலாம் வருஷம், மழைக்காலம். வின்ச்சில் சுற்றிய இரும்புக் கயிறு அவன் வலது கையை இழுத்துக்கொண்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

கை போனதைவிட அவன் பேச்சு போனதுதான் டோரதியை உருக்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் திரும்பவேயில்லை. சோறு ஊட்டினால் வாயைத் திறப்பான். மகள் ஃப்ளோராவுக்கு அப்போது ஐந்து வயது. அவளைக் கொண்டுவந்து கட்டில்மேல் உட்காரவைத்தால் கண்ணை மூடிக்கொள்வான்.

கிறிஸ்துமஸ் வந்தது. கட்டு மாற்றும் நர்ஸ் அவனை அன்பாகப் பார்த்துக்கொண்டாள், அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று டோரதிக்குத் தோன்றியது. மருந்து வந்த அட்டைப் பெட்டியை வெட்டினாள். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு கார்டு செய்தாள். மூடியிருக்கும்போது வெறும் நீலக் கடல். பிரித்தால் ஒரு கப்பலும் ஹார்பர் கிரேனும் நிமிர்ந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் பிரித்தால், கிரேனின் நூலில் தொங்கிக்கொண்டு கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு வெள்ளி நட்சத்திரம் மெதுவாக மேலே வரும்.

வால்டர் அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தான். இடது கையால் கார்டைப் பிரித்தான், மூடினான், மறுபடி பிரித்தான்.

"நம்ப மூணாம் நம்பர் கிரேன் மாதிரியே கீது" என்றான்.

டோரதி வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, அப்படியே கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் போய் வந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

பண்டிகைக்கு நோயாளிகளுக்கு ரொட்டியும் பழமும் கொடுக்க வந்த அம்மா ஒருத்தி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். பெயர் மிஸஸ் தங்கராஜ், வீடு நுங்கம்பாக்கம். மவுண்ட் ரோடு பக்கம் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிறாள். கார்டு அவள் கையில் இருந்தது. கண் கலங்கியிருந்தது.

"ஒரே கையால, அதுவும் இடது கையால! இந்த மாதிரி ஒண்ணு நான் லண்டன்லகூடப் பார்த்ததில்லை. இதுல எனக்கு இன்னும் செஞ்சு தருவீங்களா?"

வால்டர் தலையாட்டினான். டோரதியைப் பார்த்ததும் பார்வையை இறக்கிக்கொண்டான்.

அந்த அம்மா போனபிறகு டோரதி கேட்டாள். "இன்னாங்க, நீங்க செஞ்சதுன்னா சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? அவுங்களே நென்ச்சிக்கினாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்ப மாத்திச் சொன்னா நம்பள இன்னான்னு நெனப்பாங்க?" என்றான்.

டோரதி விட்டுவிட்டாள். அவன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான், பேசுகிறான். அதைப் பார்க்கும்போது கார்டு யார் பேரில் என்பது அவளுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. "அந்த நேரத்துல அவர் என் உயிரைக் கேட்டிருந்தாலும் எடுத்துக்கோன்னு குட்த்திருப்பேன்" என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

கடையில் அந்தக் கார்டுகளுக்கு 'வால்டர் கார்டு' என்றே பேர் வந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டுவதற்கு மிஸஸ் தங்கராஜ் ஒரு சீட்டு அச்சடித்தாள். சட்டைக்கை மடித்துவிட்டு, மொட்டைக் கை தெரிய வால்டர் உட்கார்ந்திருக்கும் படம். கீழே, விபத்தில் கையிழந்த துறைமுகத் தொழிலாளி ஒரே கையால் செய்தது என்று இங்கிலீஷில் நாலு வரி. அந்தச் சீட்டையும் கார்டுக்குக் கார்டு ஒட்டியது டோரதிதான்.

பகலில் ஃப்ளோராவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு உட்காருவாள். கதவைச் சாத்திக்கொள்வாள், யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை: ஓரத்தில் இருக்கும் தாளை இழுத்தால் பானை பொங்கி வழியும். தீப்பெட்டியைத் தள்ளினால் உள்ளேயிருந்து பாய்மரத்தோடு எழும் கட்டுமரம். மடித்த மீன் ஒன்று, வாயைத் திறந்தால் நாக்கு நீளும், அந்த நாக்கில்தான் கடிதம் எழுத வேண்டும். காசிமேட்டிலிருந்து பெரிய மீன்களின் செதிலைக் கொண்டுவந்து கழுவி, காயவைத்து, சாயத்தில் ஊறவைத்து, லெட்டர் பேப்பர் ஓரத்தில் மல்லிகை மல்லிகையாக ஒட்டுவாள். மூக்கில் வைத்துப் பார்த்தால்கூட மீன் என்று சொல்ல முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காம்பவுண்டில் எல்லாருக்கும் தெரியும்தான். யாரும் வாய் திறக்கவில்லை. கையில்லாதவன் பிழைப்பு என்று விட்டுவிட்டோம்.

ஒருநாள் பேப்பர் நிருபர் ஒருத்தரையும் காமிராக்காரரையும் கூட்டிக்கொண்டு மிஸஸ் தங்கராஜ் காரில் வந்து இறங்கினாள். டோரதி அவசரமாகப் பாதி வெட்டிய அட்டையை வால்டர் முழங்காலில் வைத்து, கத்தரியை அவன் இடது கைக்குள் செருகினாள். அவனுக்கு அதில் பெருவிரல் நுழையவில்லை. காமிராக்காரர், "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க, நிழல் விழுது" என்றார். அவள் சமையல்கட்டுக்குள் போய் டீ போட்டாள்.

படம் பேப்பரில் வந்தபிறகு வால்டர் மாறிவிட்டான். முதலில் 'நம்ப கார்டு' என்று சொல்லிக்கொண்டிருந்தவன், 'என் கார்டு' என்றான். நாற்காலியைப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "அந்த அலை இன்னும் மேல வர்ணும், இங்க இன்னா கோணலா கீது" என்று குறை சொல்ல ஆரம்பித்தான். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் பதில் சொன்னாள். அப்புறம் பேசாமல் வெட்டினாள். வளர்ந்துகொண்டிருந்த ஃப்ளோரா கண்ணில் பட்டது இதுதான். அப்பா சொல்கிறார், அம்மா வெட்டுகிறாள்.

எழுபத்தோராம் வருஷம் எழும்பூரில் ஒரு மண்டபத்தில் பெரிய விழா வைத்து வால்டருக்குப் பரிசு கொடுத்தார்கள். டோரதியும் ஃப்ளோராவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மேடையேறி மொட்டைக் கையைத் தூக்கிக் கும்பிட்டபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. டோரதியும் எழுந்து தட்டினாள். மைக்கில் அவன் ஆண்டவருக்கு நன்றி சொன்னான். மிஸஸ் தங்கராஜ் அம்மாவுக்கு நன்றி சொன்னான். ஆஸ்பத்திரி நர்ஸைக்கூட மறக்காமல் சொன்னான். அதோடு இறங்கிவிட்டான்.

பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டாள். "கூட இருந்து ஒத்தாசை பண்றான்னாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே?"

"சொன்னா தோண்டித் துருவுவாங்க. உள்ளதும் பூடும்."

"அந்த நர்ஸு பேரு ஞாபகம் வந்துச்சே."

வால்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஜனங்கள் நிற்பதையும் பார்க்காமல் சத்தம் போட்டான். "இன்னாடி இப்ப? யோசனை பூரா என்னுது. நீ இன்னா, வெட்டி ஒட்டற. கை போனது எனக்கா, உனக்கா?"

"யோவ்" என்றாள் டோரதி. அதுவரை அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "யோவ், நீ நெஜமாவே அப்படி நம்பறியாய்யா?"

அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்புகிறான் என்று அப்போது தெரிந்ததாம் அவளுக்கு. "திருடனா இருந்தா சண்ட போடலாம். அவர் திருடலையே. அவருக்கு அது அவுரு பொருளாவே ஆயிப்போச்சு. அத்தோட எப்படி சண்ட போடறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அதன்பிறகும் மூன்று வருஷம் வெட்டினாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, அடுப்பு எரிய வேண்டாமா என்றாள். முன்னைப்போல மீனும் சாமியாரும் செய்து யாருக்கும் காட்டிச் சிரிப்பதெல்லாம் நின்றுபோனது. கேட்ட கார்டைக் கேட்டபடி செய்தாள்.

எழுபத்து நாலில் வால்டருக்கு நெஞ்சுவலி வந்தது. பார்க்க வந்தவர்களிடம், "வர்ற கிறிஸ்துமஸ்க்குப் புச்சா ஒண்ணு மனசுல வெச்சிகினு கீறேன், பாருங்க அசந்துடுவீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடமும் சொன்னான். டோரதி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டான். அவள் விழுந்து புரண்டு அழுதாள். அதில் பொய் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அச்சடித்தார்கள். எழுதிக் கொடுத்தது ஃப்ளோரா. படத்துக்குக் கீழே 'வாழ்த்து அட்டைக் கலைஞர்' என்று போட்டிருந்தாள். டோரதி அதைப் படித்தாள். கோயில் வாசலில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே கொடுத்தாள்.

ஆனால் மனசுக்குள் ஒன்று நினைத்திருந்தாள். இனிமேல் மறைக்க யாரும் இல்லை. கதவைத் திறந்துபோட்டு, வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு கார்டு செய்தாள். பிரித்தால் ஒரு வலை விரியும், அதை இழுக்கும் பெண்கள் வரிசையாகக் கரையில் எழுவார்கள், கடைசிப் பெண் பின்னால் சாய்ந்து கால் ஊன்றியிருப்பாள். அவ்வளவு அழகான கார்டை அதற்கு முன்னால் அவள் செய்து நான் பார்த்ததில்லை. பின்பக்கம் ஓரத்தில் சின்னதாக 'டோரதி, ராயபுரம்' என்று எழுதினாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு மவுண்ட் ரோடு போனாள்.

மிஸஸ் தங்கராஜ் எங்களை உட்காரவைத்துக் காபி வரவழைத்தாள். வால்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். கார்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

டோரதி சொன்னாள். "மேடம், இத்தினி வருஷமும் நான்தான் செஞ்சேன். எல்லாம் நான் செஞ்சதுதான். அவர் கத்தரி புடிச்சதே கெடையாது."

மிஸஸ் தங்கராஜ் கார்டை மூடி மேஜைமேல் வைத்தாள். "எனக்குத் தெரியும் டோரதி" என்றாள்.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

"முதல் வருஷமே தெரியும். போட்டோ எடுக்க வந்தோமே, அன்னிக்கு. அவர் கத்தரியைப் பிடிச்ச விதத்தைப் பார்த்தேன். உன் விரல்ல பசை காய்ஞ்சிருந்ததையும் பார்த்தேன்."

"அப்ப ஏன் மேடம் ஒரு வார்த்த..."

"சொல்லி? ரெண்டு கையும் நல்லா இருக்கிற பொம்பளை கார்டு செஞ்சா அதுல என்னம்மா கதை இருக்கு? இங்க வர்றவங்க கார்டை வாங்கறதுக்கு முன்னால அந்தச் சீட்டைத்தான் படிப்பாங்க." அவள் குரலில் கடுமை எதுவும் இல்லை. மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். "இப்ப இதை வெச்சா, வால்டர் மாதிரியே யாரோ செய்யறாங்கன்னு சொல்லுவாங்க. வால்டர்னு சொல்லியும் விற்க முடியாது, அவர்தான் இல்லையே. நீ தப்பா நினைக்காதே."

டோரதி காபியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். கடையை விட்டு இறங்கும்போது, கண்ணாடி அலமாரியில் விற்காமல் மிச்சமிருந்த வால்டர் கார்டுகள் நாலைந்து நின்றன. அவள் நின்று பார்க்கவில்லை.

கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, "அவராவது நம்பி ஏமாந்தாரு. இவுங்க தெரிஞ்சே வெச்சிருந்தாங்க, பாத்தியா" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அடுத்த மாசமே திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் வேலையில் சேர்ந்தாள். காலையில் ரயிலேறினால் சாயங்காலம் வருவாள். வேகமாக ஒட்டுகிறாள் என்று மேஸ்திரி மெச்சுவாராம். கத்தரியை எனக்குக் கொடுத்துவிட்டாள். நல்ல கத்தரி, நான் ரவிக்கை வெட்ட வைத்துக்கொண்டேன். வலை இழுக்கும் பெண்கள் கார்டு என்ன ஆனது என்று கேட்டேன். மழையில் நனைந்துபோச்சு என்றாள். எங்கள் காம்பவுண்டில் அந்த வருஷம் எந்த வீடும் ஒழுகவில்லை.

எழுபத்தெட்டில் ஃப்ளோராவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை யேசுதாஸுக்கு ரயில்வே வேலை, கொருக்குப்பேட்டை. பத்திரிகை அடிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஃப்ளோரா அச்சாபீஸ் மாதிரிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா இருந்திருந்தா, பிரிச்சா கோயில் நிமிர்ற மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சிருப்பாரும்மா. ஊரே பேசியிருக்கும்."

நான் டோரதியைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். மகள்தானே, சொன்னால் என்ன?

டோரதி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஆமா. இருந்திருந்தா செஞ்சிருப்பாரு" என்றாள். "நீ அந்த ரோஸ் கலர் மாதிரியைச் சொல்லிடு. அதுதான் மலிவு."