எங்கள் ரஸ்க் கம்பெனிக்காகத் தெருவே முட்டி போட்ட மாலை

லோன் பாஸாகிவிட்டது என்று பேங்கிலிருந்து போன் வந்த அன்று, எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மாதக்கணக்காக நவநாள் ஜெபம் சொல்லிக் கேட்ட லோன். கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணி ஆசையாக வைத்த வஞ்சிரக் குழம்பு சட்டியிலேயே கிடந்தது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர் பார்க்கும்போது மட்டும் சிரித்தோம்.

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, கேட்டது கிடைக்காமல் அழுதவர்களின் சாட்சி நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டது கிடைத்து அழுதவள். அந்த அழுகையை மாதா எப்படித் துடைத்தார் என்பதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

என் பெயர் ரோஸ்லின். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் எங்களுக்கு ஒரு ரஸ்க் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்று நான் பெருமையாகச் சொன்னால் தம்பி சிரிப்பான். அப்பா கட்டிய வீடு, அதன் பின்பக்கம் ஒரு ஷெட், அதில் விறகு அடுப்பு, சில வேலையாட்கள். அவ்வளவுதான். அண்ணன் அருள் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். தம்பி ஜெரோம் வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டு காரைக்கால் டீக்கடைகளில் தொடங்கி குரும்பகரம் வரை போட்டுவிட்டு வருகிறான். அண்ணி ஃபிலோமினாவும் நானும் பாக்கெட் போடுகிறோம். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் வீடு. ஆனால் காலையில் வந்தால் பொழுது சாயும்வரை இங்கேதான் கிடப்பேன். என் வீட்டுக்காரர், "உன் பொறந்த வீட்டுக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேன் நீ" என்பார்.

அப்பா இருந்தவரை எல்லாவற்றுக்கும் அவர் வாக்குதான். தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் குடும்பத்தின் மன்றாட்டை அவர் ஒருவரே சொல்வார். நாங்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். அப்பா போன பிறகு அந்த இடம் அண்ணனுக்கு வந்தது. மன்றாட்டிலும் அவர்தான், தொழிலிலும் அவர்தான். அண்ணன் யாரையும் அதட்டி அறியாதவர். அவர் வாய் திறந்துவிட்டால் நாங்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை என்றால், அது பயத்தால் அல்ல. அவர் முகம் வாடினால் எங்களுக்குத் தாங்காது. அதுதான் காரணம்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த சமயம், திருச்சியிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். எங்கள் ரஸ்க்கை டீயில் தொட்டுத் தின்றுவிட்டு, "எவ்வளவு போட்டாலும் நான் எடுத்துக்கிறேங்க. ஆனா இந்த அடுப்பு பத்தாது. பெரிய ஓவனா போடுங்க" என்றார். அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

"என்னடா, செய்யலாமா?"

"நீங்க சொன்னா சரிண்ணே."

"ரோஸ்லின்?"

"அண்ணன் பாத்துச் செஞ்சா எதுவும் நல்லாத்தான் வரும்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அண்ணி, "கூடப்பொறந்தவங்க மூணு பேரும் பேசி முடிச்சப்புறம் நான் என்ன சொல்லப்போறேன்?" என்றார். எங்கள் கம்பெனியின் போர்டு மீட்டிங் அத்துடன் முடிந்தது. டீ ஆறுவதற்குள் நாங்கள் பெரிய கம்பெனி ஆகிவிட்டோம்.

புது ஷெட், மெஷின், ஓவன் எல்லாவற்றுக்கும் லோன் வேண்டும். லோனுக்கு வீட்டை ஈடாக வைக்க வேண்டும் என்று பேங்கில் சொன்னார்கள். வீடு எங்கள் மூன்று பேர் பெயரிலும் இருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒரே கேள்விகள். ஒரே ஒரு ஆளை நம்பி இவ்வளவு பெரிய ஓவனா? நாளைக்கு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் அத்தனை ரஸ்க்கையும் யார் தின்பது? அண்ணன் குடும்பம் எங்கே போய் நிற்கும்?

இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கட்டிக்கொடுத்த பெண். வீட்டில் எனக்கும் பங்கு உண்டு. வேண்டாம் என்று சொன்னால், பங்கின் மேல் கண் என்று நினைத்துவிட்டால்? என் அண்ணனும் தம்பியும் அப்படி நினைக்கிறவர்கள் இல்லை. ஆனாலும் நினைத்துவிட்டால்? அந்த ஒரு நினைப்பு என் வாயை அடைத்துப்போட்டது.

வீட்டை அளக்கப் பேங்கிலிருந்து ஆள் வந்தார். அண்ணி பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் போல வாசலைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தார். அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறையில் அவர் டேப்பை இழுத்தபோது, "அடுப்பைப் பாத்துட்டு வர்றேன்" என்று அண்ணன் பின்பக்கம் போய்விட்டார். அன்று பேங்க்காரர் வருகிறாரென்று வேலைக்கு லீவு விட்டிருந்தோம். அடுப்பு மூட்டவே இல்லை. அவர் கண் சிவந்து திரும்பி வந்தபோது, தொழில் பெரிதாகப் போகிற சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னவொரு புத்திசாலி நான்!

ஆனால் ஜெபத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. தினமும் அண்ணன், "ஆண்டவரே, எங்கள் தொழில் விரிவடைய இந்த லோன் நல்லபடியாகக் கிடைக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம்" என்பார். நாங்களும் சத்தமாகப் பதில் சொல்வோம். பிறகு நான் என் வீட்டுக்குப் போய் மாதா படத்துக்கு முன்னால் நின்று, "அம்மா, அது கிடைக்காமல் போனால் நல்லா இருக்கும்" என்பேன். மாதாவுக்கே தலை சுற்றியிருக்கும்.

லோன் பாஸானது ஜெபமாலை மாதமான அக்டோபரில். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் தளர்ந்துபோனேன். இனி கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார், அந்தப் பதிலோடுதான் வாழ வேண்டும் என்று அழுதேன்.

ஜெபமாலை மாதத்தில் எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக்குழுவான அன்பியத்து மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாலை. அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு முறை. மழை பிடித்துக்கொண்டது. இருந்தும் தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஜெபமாலை என்றால் கடைசியில் சூடான பன் உண்டு என்பதும் ஒரு காரணம்.

அன்பியத்தை நடத்துகிறவர் மதலேன் அக்கா. தையல் கடை வைத்திருப்பவர். குரலும் கத்தரிக்கோலும் ஒன்று, இரண்டும் நேராக வெட்டும். ஜெபமாலை முடிந்தது. அண்ணன் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு மன்றாட்டைத் தொடங்கினார். மதலேன் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அருளு, கொஞ்சம் பொறு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருத்தரே எல்லாருக்கும் சேத்து வேண்டிக்கிறீங்க. மத்தவங்களுக்கு வாயில்லையா? மாதா வந்திருக்காங்க, இன்னிக்கு ஆளாளுக்குச் சொல்லட்டும். சின்னவன்லேர்ந்து வாங்க. ஜெரோமு, நீ சொல்லு."

தம்பிக்கு இந்த வழக்கமே இல்லை. நாற்பதை நெருங்கிவிட்டான், ஒருநாள்கூடச் சத்தமாகத் தனியாக ஜெபித்தது கிடையாது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். கண்ணை மூடியதும் மனசுக்குள்ளே ஜெபிப்பதாகவே நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"ஆண்டவரே, இந்தத் தொழில் பெருசாவணும்னு அண்ணன் ஆசைப்படுறாரு. அவரு ஆசை நடக்கட்டும். எனக்குத்தான் பயமா இருக்கு. ராத்திரி வண்டி ஓட்டும்போதெல்லாம் வீடு போயிருமோன்னு நெனப்பு. இது அண்ணனுக்குத் தெரியாம என்கிட்டேர்ந்து எடுத்துப்போடும்."

தெருவே ஒரே குரலில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

அடுத்தது நான். தம்பி அவ்வளவு சொன்ன பிறகு மாதாவின் முன்னால் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "அம்மா, நான் பங்குக்காகச் சொல்றேன்னு என் அண்ணனும் தம்பியும் நெனச்சிடக் கூடாது. ஆனா இந்த வீட்டை வைக்க வேண்டாம்னு என் மனசு அடிச்சுக்குது" என்றேன். அதற்கும் தெரு பதில் சொன்னது.

அண்ணி அழுதுகொண்டே சொன்னார். "மாதாவே, என்னை மருமவளா ஏத்துக்கிட்ட வீடு இது. அவங்க மூணு பேரும் ஆசைப்படுறப்ப நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு இருந்தேன். எனக்கும் பயம்தான்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பிறகு அண்ணன். அவர் மாதாவிடம் பேசவில்லை. திரும்பி, முட்டி போட்டபடியே தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"ஏன்டா, அந்தத் திருச்சி ஆளு பேசினப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். பிரகாசமா இருந்துச்சு. அப்பா போனப்ப சென்னை வேலையை விட்டுட்டு வந்தவன் நீ. உன்னை இந்த ரஸ்க்கோட கட்டிப்போட்டுட்டேன்னு எனக்கு வருத்தம். நீ பெருசா ஒண்ணு பண்ணணும்னுதான்டா நான் ஒத்துக்கிட்டேன். எனக்கு இதுல இஷ்டமே இல்ல."

அது மன்றாட்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் பழக்கதோஷம், எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி எழுந்து போய் அண்ணனைக் கட்டிக்கொண்டு சிறுபிள்ளைபோல் அழுதான். நானும் அண்ணியும் போய் அந்தக் குவியலில் விழுந்தோம்.

மதலேன் அக்கா ஜெபமாலையைச் சுருட்டி டப்பாவில் போட்டுவிட்டு, "அப்ப உங்க வீட்ல ஒருத்தருக்கும் வேண்டாத லோனுக்கா நான் இத்தனை மாசம் நவநாள் சொன்னேன்?" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பன்னாகக் கொடுத்தார் அண்ணி.

எல்லோரும் போன பிறகு, மிச்சமிருந்த பன்னை வைத்துக்கொண்டு நாங்கள் நால்வரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். அப்பா போனதிலிருந்து முதல்முறையாகத் தொழிலைப் பற்றி உண்மையாகப் பேசினோம். "நம்ம சரக்குக்கு ஓவன் குறை இல்லண்ணே. மழைக்காலத்துல ரஸ்க் நமுத்துப் போவுது, கடைக்காரங்க திருப்பி அனுப்புறாங்க. அதுக்கு முதல்ல வழி பாக்கணும்" என்றான் தம்பி. அண்ணியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம். கடல் காற்று அடிக்கும் ஊர் இது, மெழுகுவத்தியில் வாட்டி ஒட்டிய பாக்கெட் எத்தனை நாள் தாங்கும்? அவரவர் மனசில் கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. சிலது கோபமாகவும் வந்தது. ஆண்டுக்கணக்காக மாவு அளவை மாற்றச் சொல்ல நினைத்ததாகத் தம்பி சொன்னபோது அண்ணன் முகம் சுருங்கியது. சுருங்கிய முகத்தோடு முழுசாகக் கேட்டார்.

திங்கட்கிழமை பேங்குக்குப் போனோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனோம். மேனேஜர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லோன் கிடைச்சப்புறம் வேண்டாம்னு குடும்பத்தோட வந்து சொன்னவங்களை இப்பதாங்க பாக்கிறேன். சரி, உண்மையில உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எங்களுக்குள் நாங்களே கேட்டுக்கொண்டதில்லையே! பாக்கெட்டைக் காற்றுப் புகாமல் ஒட்டும் மெஷின் வேண்டும் என்றோம். அதற்குச் சின்ன லோன் போதும். வீட்டை வைக்க வேண்டியதில்லை, அந்த மெஷினே ஈடு.

திருச்சிக்காரருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அவர் நல்ல மனிதர். வேறு ஒரு கம்பெனியோடு சேர்ந்துகொண்டார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆண்டவர் எங்களை அவரிடமிருந்து காப்பாற்றினார் என்று சொன்னால் பாவம். ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தாலேயே ஒருவருக்கொருவர் ஊமையாகிப் போயிருந்தோம். எங்களை எங்களிடமிருந்துதான் ஆண்டவர் காப்பாற்றினார்.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளி, பூசை முடிந்து வந்ததும் நால்வரும் உட்காருகிறோம். தம்பிதான் முதலில் பேச வேண்டும். அண்ணன் கடைசியில்தான் வாய் திறக்கலாம். அவர் அவசரப்பட்டால் அண்ணி மதலேன் அக்காவைப் போலக் கையைக் காட்டுவார். மெஷின் வந்த பிறகு மழைக்காலத்திலும் சரக்குத் திரும்பி வருவதில்லை. நாகூர்ப் பக்கமும் தம்பி வண்டி போகிறது. போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடை போடலாம் என்றான் அவன். எல்லோரும் பேசி முடித்த பிறகு அண்ணன், "எனக்கு இதுல பயமா இருக்குடா" என்றார். கடையைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அவர் வாயால் அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, லோன் பாஸான அன்றுகூட அது வரவில்லை.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து ஜெபித்துக்கொண்டிருக்கலாம். இன்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை, ஆளாளுக்குச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சின்னவரிலிருந்து தொடங்குங்கள். மாதாவை நம்பிச் சொல்லுங்கள், அவர் கைவிட மாட்டார். நாம் கேட்பதைக் கடவுள் கேட்கிறார் என்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் முட்டி போட்டிருக்கும் அண்ணனும் கேட்பார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.