கம்பளிக்காரனும் மூன்றாம் ஓலையும்

தூத்துக்குடிக்கு நான் உப்பு அள்ள வந்தேன். விளாத்திகுளம் பக்கத்து எங்கள் கரிசலில் மழை பொய்த்தபோது எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, வீட்டில் அடுப்பும் நின்றது. உப்பளத்தில் காலெல்லாம் புண்ணாகி அந்த வேலையும் போனது. பிறகு பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றினேன். சாக்குக் கொட்டகையில் படுக்கை. இதெல்லாம் அப்போது பலருக்கும் இருந்ததுதான். நான் அந்த ஊரில் உண்மையில் பட்ட பாடு ஒரு தொடர்கதையால்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கடற்கரைச் சாலையில் ஓர் அண்ணாச்சியின் டீக்கடை. வியாழக்கிழமை மெட்ராஸ் ரயிலில் வரும் வாரப்பத்திரிகை அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிடும். அதில் ஒரு மாயாஜாலக் கதை. கடலுக்கு நடுவே ஒரு தீவு, பேசும் திமிங்கிலம், காணாமல் போன ராஜா. அமாவாசைதோறும் கறுப்புக் கம்பளி போர்த்திய ஒருவன் கடலிலிருந்து ஏறி வருவான். முகத்தைக் காட்டமாட்டான், வாய் திறக்கமாட்டான். தீவுக்கு வரும் ஆபத்தைத் தடுத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிடுவான். அவன் யார் என்பதை எழுத்தாளர் ஒரு வருடத்துக்கு மேலாக இழுத்துக்கொண்டிருந்தார்.

சத்தமாக வாசிப்பது என் பொறுப்பு. கூலி ஒரு டீ, ஒரு வடை. பல வியாழக்கிழமைகளில் அதுவே ராத்திரிச் சாப்பாடு.

கேட்க வருகிறவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போய் வந்தவர். மற்றவர் குளிகாரர், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தும் குளித்தவர். தண்டலின் மகளுக்கும் குளிகாரரின் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை புதுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன், எனக்குக் கூட்டாளி. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் எல்லோர் முன்னாலும் அறிவிப்பதுதான் ஓலை. இரண்டு ஓலை முடிந்திருந்தது; நடுவில் ஒரு ஞாயிறு திருவிழா வந்ததால் மூன்றாம் ஓலை ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தது.

கம்பளிக்காரன் காணாமல் போன ராஜாவேதான் என்பது குளிகாரரின் கட்சி.

"ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவுல தண்ணிக்குள்ளயே கிடக்கான். மூச்சடக்கத் தெரிஞ்சவனால்லா இருக்கணும்? ராஜா சின்னப் பிள்ளையில குளத்துல முங்கி விளையாடுனதா ஆரம்பத்துலயே வந்திச்சே."

தண்டலுக்கு அவன் புயலில் தொலைந்த கப்பலின் மாலுமி. "கிழக்கருந்து வார கொண்டக்காத்து மாறப் போவுதுன்னு அவனுக்கு முன்னக்கூட்டியே தெரியுது. ராஜாவுக்குக் காத்தப் பத்தி என்ன வே தெரியும்? சாமரம் வீசுனாத்தான் தெரியும்."

அண்ணாச்சியைக் கேட்டால், அவன் அரண்மனைக் கஜானாவைச் சுருட்டிய வியாபாரி என்பார். "கடன் வாங்குனவந்தான் மூஞ்ச மூடிக்கிட்டு வருவான். இங்கனயே நான் பாக்கேனே."

ஒரு வாரம் படம் வரைந்தவர் கம்பளிக்காரனின் கையில் ஆறு விரல் போட்டுவிட்டார். கை தவறியிருக்கும். கடையில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜவம்சத்து அடையாளம் என்றார் குளிகாரர். சுக்கான் பிடித்துப் பிடித்து விரல் பிளந்திருக்கிறது என்றார் தண்டல். அடுத்த வாரம் விரல் ஐந்தானபோது, படத்தை மெட்ராஸில் யாரோ வேண்டுமென்றே மாற்றிவிட்டதாக இரண்டு பேருமே சொன்னார்கள். ஊரில் தண்ணீர்க் குழாய் வராததற்கு இந்த அளவு யாரும் யோசித்து நான் பார்க்கவில்லை.

இரண்டாம் ஓலைக்குப் பிந்திய வியாழக்கிழமை, அடுத்த இதழில் கதை முடிகிறது என்ற அறிவிப்பை வாசித்தேன். கடை சூடாகிவிட்டது.

"தண்ணிக்கடியில கிடந்து கிடந்து ஒமக்கு மூளை ஊறிப்போச்சு வே" என்றார் தண்டல்.

"காத்து அடிச்சாத்தான் நகருத ஆளு, நீரு மூளையப் பத்திப் பேசுதீரு!"

"அவன் ராஜான்னு வரட்டும். எம் பிள்ள ஒம்ம வீட்டு வாசல மிதிக்கமாட்டா."

"மாலுமின்னு வந்தா எம்மவன் கோயிலுக்கே வரமாட்டான், போம் வே!"

மறுநாளே தண்டல் பங்குச் சாமியாரிடம் போனார். வாசித்தது நான் என்பதால் என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனார்.

"மூணாம் ஓலைய நிறுத்தணும் சாமி."

"என்ன தடை? மாப்பிள்ளைக்கு வேற எங்கனயும் கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்ல சாமி."

"ரத்த உறவா?"

"இல்ல. அவங்கப்பன் கம்பளிக்காரன ராஜாங்கான்."

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருச்சபைச் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ராஜா இல்லங்கது சரிதான். ஆனா மாலுமியும் இல்ல வே. முதல் வாரத்துல செத்துப்போனான்லா ஒரு வைத்தியன், அவன் பிணத்த யாராவது பாத்தாங்களா?" என்றார்.

தண்டல் வெளியே வந்தார். கோயில் வாசலில் நின்று, "சாமியாரும் இப்பிடி ஆயிட்டாரே" என்றார்.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் கொட்டகைக்கு வந்தான். "ஏலே, என்ன எழுதியிருந்தாலும் மாலுமின்னு வாசிச்சிரு."

"ஒங்கப்பா ஒன்ன கோயிலுக்கு விடமாட்டாரு."

"அப்ப ராஜான்னு வாசி."

"ஒம் மாமனாரு பொண்ணத் தரமாட்டாரு."

எப்படி வாசித்தாலும் கல்யாணம் நின்றுவிடும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். பெண்ணிடமும் கேட்டிருக்கிறான். "ரெண்டு அப்பன்மாரையும் அதே கம்பளியில சுத்திக் கடல்ல போடச் சொல்லுதா" என்றான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. தண்டல் ஒரு பெஞ்சு, குளிகாரர் எதிர்ப் பெஞ்சு. நான் வாசித்தேன். திமிங்கிலம் அழுதது. கம்பளி விலகியது. உள்ளே இருந்தவன், இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோன அரண்மனைச் சமையல்காரன்.



"திரும்ப வாசி" என்றார் தண்டல். வாசித்தேன். அப்போதும் சமையல்காரன்தான்.

"கஞ்சி காச்சுதவனா?" குளிகாரர் எழுந்துவிட்டார். "அவனுக்கு மூச்சடக்கத் தெரியுமா வே?"

"அதக் கேளும்! குசினிக்குள்ள கிடந்தவனுக்குக் கொண்டக்காத்து தெரியுமா?"

"எழுதுனவன் கடலப் பாத்திருக்கமாட்டான் சம்மந்தி."

"பாத்திருக்கமாட்டான். கதையப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? நாமல்லா வாராவாரம் கேக்கோம்!"

எதிர்ப் பெஞ்சு காலியாகி இருவரும் ஒரே பெஞ்சுக்கு வந்திருந்தார்கள். அசல் எழுத்தாளர் பாதியிலேயே செத்துப்போயிருக்க வேண்டும், முடிவை வேறு எவனோ எழுதியிருக்கிறான் என்ற முடிவுக்கு டீ ஆறுவதற்குள் வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அந்தக் கடை அன்றுதான் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையை எந்தத் தடையும் இல்லாமல் சாமியார் வாசித்தார். குரலில் உற்சாகமில்லை. வைத்தியனை அவர் மிகவும் நம்பியிருந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் மூன்று பந்தியில் சாப்பிட்டேன். அடுத்த வியாழக்கிழமை அதே பத்திரிகையில் புதுத் தொடர் ஆரம்பம். முதல் வாரத்திலேயே ஒற்றைக்கண் கிழவன் ஒருவன் பனிமலையிலிருந்து இறங்கி வந்து, பேர் சொல்லாமல் போய்விட்டான். நான் பக்கத்தை மூடுவதற்குள் தண்டல், "மத்தக் கண்ண அவன் எங்க வச்சிருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஒமக்குத் தெரியாது சம்மந்தி" என்றார் குளிகாரர்.

மறுநாள் காலை மாப்பிள்ளை ஒரு புதுச்சட்டையும் சோற்றுப் பொட்டலமுமாகக் கொட்டகைக்கு வந்து, என்னைத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றினான். மணப்பாட்டில் அவன் சித்தப்பாவின் வள்ளத்தில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தான்.

"ஏன்லே?" என்றேன்.

"அவ முழுகாம இருந்து, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்குத வரைக்கும் ரெண்டு வீடும் பேச்சுவார்த்தையோட இருக்கணும். நீ அங்கனயே இரு. அங்க யாருக்கும் வாசிச்சுக் காட்டாத."

அதற்குப் பின்பும் பல ஊர்களிலிருந்து என்னை அனுப்பியிருக்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுத்து அனுப்பியவன் அவன் ஒருவன்தான்.