ஒரு பையும் இரண்டு ரூட்டும்

தேனாம்பேட்டை பஸ் ஸ்டாப்பில், மஞ்சள் கோட்டு போட்ட இரண்டு காலேஜ் பையன்கள் என் தோள்பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு பேரும் விடுவதாக இல்லை.

"பயப்படாதக்கா," என்கிறார் ஜூஸ் கடைக்காரர். "வேற வேற பஸ் ரூட்டு கோஷ்டி பசங்க. முன்னாடி கத்திய எடுத்துக்கினு தொரத்திக்குவானுங்க. போலீசும் கடைக்காரங்க நாங்களும் சேந்து, ஜனங்கள பஸ் ஏத்திவுடுற வேலய குடுத்துக்கீறோம். இப்ப யாரு ஏத்திவுடறதுன்னு சண்ட."

என் பஸ் வந்து நிற்கிறது. யாரிடம் கொடுத்தாலும் வம்பு. பையை வெடுக்கென்று பிடுங்கி நானே தோளில் மாட்டிக்கொள்கிறேன்.

இருவரும் தோளோடு தோள் சேர்ந்து படியை மறிக்கிறார்கள். "இன்னாக்கா, எங்க மேல நம்பிக்க இல்லியா?"

"பாத்தியாக்கா, ஒண்ணு சேந்துட்டானுங்க!" என்று ஜூஸ் கடைக்காரர் கைதட்டுகிறார். என் பஸ் கிளம்பிப் போகிறது.