முதலில் கருகிய நல்ல தட்டு

செத்த பேட்டரிக்கு உயிர் கொடுப்பவன் தன் உயிருக்கு உத்தரவாதம் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், மலாக்காவின் காஜா பெராங்கில் நான், ஹமீது, சூசை மூன்று பேரும் லாரி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினோம், ரேடியோவும் பழுது பார்த்தோம். அந்த நாளில் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு ஏதாவது ஒரு பட்டறையில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முள்ளங்கி நாற்றம்

ஒரு ஜப்பான் கேப்டனின் ரேடியோவில் ரெக்டிஃபயர் வால்வு போய்விட்டது. மலாக்கா முழுக்கத் தேடியும் வேறு கிடைக்கவில்லை. பழைய சார்ஜரைப் பிரித்து, அதிலிருந்த செலினியம் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தோம். இப்போது டயோடு என்கிறார்களே, அதற்குப் பெரியப்பா முறை இந்தத் தட்டு. மின்சாரத்தை ஒரு பக்கம் போக விடும், திரும்பி வந்தால் தடுக்கும். ஒரே தட்டால் அவ்வளவு வோல்ட்டைத் தடுக்க முடியாது என்பதால்தான் இந்த வரிசை.

கேப்டனுக்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். பாட்டு வரவில்லை, புகை வந்தது. செலினியம் கருகினால் அழுகிய முள்ளங்கி நாற்றம் அடிக்கும். கேப்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பொன்னையா, நம்மாள்தான், சிரிக்காமல் தமிழில் சொன்னார்: "ஒங்க மத்தியானச் சாப்பாட்ட எதுக்கு ரேடியோவுக்குள்ள வச்சீங்கன்னு கேக்குறாரு."

கெட்டிக்காரத் தட்டு

ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்குள் ரேடியோ பேசாவிட்டால் எங்கள் பட்டறையிலிருந்து ஒருவன் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. போனவர்கள் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. சூசைக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

தட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். எல்லாமே திரும்பி வரும் மின்சாரத்தைக் கொஞ்சம் கசியவிட்டன. ஒன்று மட்டும் கசிகிற மாதிரியே தெரியவில்லை. மற்றவர்களை இவன் காப்பாற்றுவான் என்று நம்பி அதையும் வரிசையில் சேர்த்தோம். அதுதான் முதலில் கருகியது!

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வரிசையில் இருக்கிற எல்லாத் தட்டிலும் ஒரே அளவு மின்சாரம்தான் கசிய முடியும். எவன் நன்றாகத் தடுக்கிறானோ அவன் தலையில்தான் வோல்ட் ஏறும். அவன் செத்தால் அடுத்த நல்லவன் தலையில். ஓட்டைத் தட்டுகள் கடைசிவரை சௌக்கியமாக இருக்கும். ஹமீது கருகிய தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "தட்டுலயும் ஒழுங்கா வேல செய்யிறவனுக்குத்தான் சயாம் போல."

ஆளுக்குக் கொஞ்சம்

பொன்னையா தினமும் ஒரு சிப்பாயோடு வந்து, "ரேடியோ பாடாட்டி யாரு போறீங்க?" என்பார். ஹமீதுக்கு இருமல் வந்துவிடும். நான் ஈயம் பற்றவைப்பதில் மும்முரமாகிவிடுவேன். சூசை மட்டும் நிமிர்ந்து நின்று, "யாரும் போவ மாட்டோம்" என்பான். சிப்பாயின் அறையெல்லாம் அவனுக்கே விழும். ஒருநாள் அவன் உதடு கிழிந்து நின்றபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கசியாத தட்டு இதோ நிற்கிறது, ஓட்டைகள் இரண்டும் சௌக்கியமாக இருக்கிறோம்.

அன்றைக்கே செத்த ரேடியோக்களிலிருந்து மின்சாரத்தை அளந்து விடும் ரெசிஸ்டர்களை ஒரே அளவில் பிடுங்கி, தட்டுக்கு ஒன்றாக அதன் இரு முனைக்கும் குறுக்கே இணைத்தேன். இனி நல்லவன் பக்கமும் ஓட்டையன் பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு கசியும், பாரமும் சமமாகப் பிரியும். ரேடியோ பாடியது.

ஆனாலும் மறுநாள் பொன்னையா வந்து நின்றார். ரயிலுக்கு ஆள் பற்றவில்லையாம். இந்தத் தடவை நாங்கள் பேசிவைத்திருந்தோம். "நான் வர்றேண்ணே, ஆனா என் கை இல்லன்னா கேப்டன் ரேடியோ பாடாது" என்றேன். ஹமீதும் இருமாமல் அதையே சொன்னான். சூசையும் முதல் தடவையாக மறுக்காமல், பாதி தலையாட்டி அதையே சொன்னான். சிப்பாய் ஆளுக்கு ஓர் அறை விட்டான். ரேடியோ நின்றால் கேப்டனுக்கு யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பொன்னையா வெறுங்கையோடு திரும்பினார். சூசை கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னான்: "அண்ணே, இன்னிக்கு எனக்கு ரொம்ப லேசாத்தான் விழுந்துச்சு."

சந்தையில் முள்ளங்கியைக் கண்டால் இன்றைக்கும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. என் பங்குக்கு விழுந்த அந்த ஓர் அறைதான் இந்தத் தொழிலில் நான் சேர்த்த ஒரே சொத்து.