பப்பாளிக்காயும் கல்யாணப் பெண்ணின் முகமும்

2004ஆம் வருடம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் பியூட்டி பார்லர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழுத்த பப்பாளியைக் குழைத்துப் பூசி, பத்து நிமிடத்தில் கழுவினால் செத்த தோல் போய் முகம் பளிச்சென்று ஆகிவிடும். அந்த ஒரு ஃபேஷியலிலேயே எனக்கு ஊரில் நல்ல பெயர். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஓர் அம்மா தன் மகளை அழைத்து வந்தார். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அன்று பார்த்து நல்ல பழம் கிடைக்கவில்லை. பழமே இத்தனை வேலை செய்தால் காய் இன்னும் ஜோராக வேலை செய்யும் என்று நானே கணக்குப் போட்டேன். பெண்ணின் மேலுதட்டில் நூலால் முடி எடுக்கும் த்ரெட்டிங் முடித்த கையோடு, பச்சைக் காயை அதன் பாலோடு அரைத்துத் தயிரில் கலந்து முகம் முழுக்கப் பூசிவிட்டேன்.

எரிகிறது என்றாள் பெண். அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்று தைரியமாகச் சொன்னேன். கடைத்தெருவுக்குப் போயிருந்த அவள் அம்மா திரும்பி வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"பப்பாளிக் காயாம்மா இது? முத்துன கறி வேகறதுக்கு நாங்க போடுறது. அதைப் போயி புள்ள மூஞ்சில பூசி வச்சிருக்கியே."

தண்ணீரை அள்ளி அள்ளிக் கழுவினேன். மேலுதடு சிவந்து தடித்திருந்தது. ஆட்டோ பிடித்துத் தோல் டாக்டரிடம் ஓடினோம். பழம் பெரும்பாலும் பயமில்லை, காயின் பாலில்தான் தோலை அரிக்கும் சத்து அதிகம், த்ரெட்டிங் செய்த இடத்தில் அது படவே கூடாது என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். களிம்பு ஒன்று கொடுத்து, அடங்கிவிடும் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாவே போன் செய்தார். சிவப்பு அடங்கிவிட்டதாம். கல்யாண அலங்காரத்துக்கு வேறு ஆள் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கு நீயே வந்து புள்ளைய ஜோடிச்சு வுடு. ஆனா எதைப் பூசுனாலும் மொதல்ல ஒன் மூஞ்சில பூசிட்டு, அப்பறம் அவளுக்குப் பூசு."

அப்படியே செய்தேன். வீடு நிறைய இருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று பவுடரைக்கூட என் கன்னத்தில்தான் முதலில் தடவினேன். பெண் அழகாகவே இருந்தாள்.

பப்பாளிப் பழத்தை நான் விடவில்லை. இன்றும் அதுதான் என் பார்லரில் அதிகம் கேட்கப்படும் ஃபேஷியல். ஆனால் முதலில் என் கையில், பிறகு வந்தவரின் முழங்கை மடிப்பில், ஒரு நாள் பொறுத்த பிறகே முகத்தில். கண்ணை மூடி நாற்காலியில் சாயும் ஒவ்வொரு பெண்ணும் தன் முகத்தை என்னை நம்பித் தருகிறாள் என்பதை, என்னைத் திட்டித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு தாய், மறுபடியும் என்னை நம்பியே புரியவைத்தார்.